ட்ரேயில் ஷீட் ஃபிலிம் கழுவுதல்: முதன்முறை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ரோல் ஃபிலிம் கழுவிப் பழகியவர்களுக்கு 4×5 அங்குல ஷீட் ஃபிலிம் (ஒரு படத்துக்கு ஒரு தனித்தாளாக வரும் ஃபிலிம்) புதிய வேதியியல் எதையும் கற்றுத்தருவதில்லை. படத்தை வெளிக்கொணரும் அதே டெவலப்பர், அதை நிறுத்தும் அதே ஸ்டாப் பாத், படத்தை நிலைப்படுத்தும் அதே ஃபிக்ஸர்தான். மாறுவது கைவேலை. ரோல் ஃபிலிமை இருட்டில் ஓரிரு நிமிடங்களில் ரீலில் சுற்றி டாங்கிற்குள் வைத்து மூடிவிட்டால், எஞ்சிய வேலை முழுவதையும் விளக்கைப் போட்டுக்கொண்டே முடித்துவிடலாம். ஷீட் ஃபிலிமை ட்ரேயில் டெவலப் செய்பவரோ ஏறத்தாழ இருபது நிமிடங்கள், கண்ணுக்கு எந்த வேலையும் இல்லாத இருட்டில், ஈரமான நான்கு ஷீட்களை விரல்களால் மட்டுமே அடையாளம் கண்டு கையாள வேண்டும். புதிதாக வருபவர்கள் எந்த டெவலப்பர் நல்லது என்று வாரக்கணக்கில் யோசிப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய முதல் நெகட்டிவ்கள் கெட்டுப்போனதற்கு டெவலப்பர் காரணமாக இருந்ததே இல்லை. அதனால் இந்தக் கட்டுரையில் விரல்களுக்கே அதிக இடம்.

ஒரு சொல் விளக்கம். பேச்சில் ‘ஃபிலிம் கழுவுவது’ என்றால் டெவலப்பரில் போடுவது முதல் உலர்த்துவது வரை எல்லாவற்றையும் சேர்த்தே சொல்கிறோம். கடைசியாகத் தண்ணீரில் ஃபிக்ஸரை நீக்குவதையும் அதே சொல்லால் குறித்தால் குழப்பம் வரும் என்பதால், அந்த ஒரு படியை மட்டும் இங்கே ‘அலசுதல்’ என்று எழுதுகிறேன்.

எந்த முறையில் தொடங்குவது

ட்ரேயைத் தவிர வேறு வழிகளும் உண்டு. பேட்டர்சன் டாங்கிற்குள் பொருந்தும் மாட்54 என்னும் தாங்கி ஆறு 4×5 ஷீட்களைப் பிடிக்கும்; ஒரு லிட்டர் கரைசல் கேட்கும். எஸ்பி-445 என்னும் தட்டையான டாங்கில் நான்கு ஷீட்களை அரை லிட்டருக்கும் சற்றுக் குறைவான கரைசலில் முடித்துவிடலாம். ஜோபோவின் 3010 டிரம் பத்து ஷீட்களை ஒரே தடவையில் மிகச் சீராக டெவலப் செய்யும் என்றாலும், அதைச் சுழற்றிக்கொண்டே இருக்க ஓர் இயந்திரமோ உருளைகள் கொண்ட தளமோ தேவை. ஒவ்வொரு ஷீட்டையும் எமல்ஷன் (படம் பதியும் பூச்சு) உள்பக்கமாக வளைத்து, ரப்பர் பேண்ட் போட்டு, சாதாரண ரோல் ஃபிலிம் டாங்கிலேயே நிறுத்திவைக்கும் சிக்கன முறையும் புழக்கத்தில் இருக்கிறது. அதில் ரப்பர் பேண்ட் அழுத்தும் இடத்தில் முதுகுப்பக்கச் சாயம் நீங்காமல் பட்டையாக நின்றுவிடலாம். ஷீட்டைப் பிரித்து ஃபிக்ஸரில் மீண்டும் போட்டு அலசினால் அது போய்விடும்.

இருபது நிமிடம் முழு இருட்டாக வைத்திருக்கக்கூடிய அறை கிடைக்காதவர்கள், சேஞ்சிங் பேக் எனப்படும் கறுப்புத் துணிப்பைக்குள் கைவிட்டு டாங்கில் ஏற்றிக்கொள்வதே சரி. அறை கிடைப்பவர்களுக்கு நான் ட்ரேயையே சொல்வேன். தனிக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. நாளை 8×10 அங்குலத்திற்குப் போனாலும் அதே பழக்கம் உதவும். ஒவ்வொரு ஷீட்டையும் தனியாக, தனி நேரத்திற்கு டெவலப் செய்யும் சுதந்திரமும் இருக்கிறது.

இருட்டைச் சோதித்தல்

ஜன்னல் இல்லாத குளியலறை பெரும்பாலும் போதும். கதவைச் சாத்தி, கீழ் இடைவெளியில் துணியைச் சுருட்டி அடைத்து, விளக்கை அணைத்துவிட்டு பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். முதல் நிமிடத்தில் எல்லா அறையும் இருட்டாகத்தான் தெரியும்; கண் பழகிய பிறகுதான் கதவுச் சட்டத்தின் ஓரத்தில் மயிரிழை போல ஒளிக்கோடு தென்படும். பத்து நிமிடத்திற்குப் பிறகு ஒரு வெள்ளைத் தாளின் முன்னால் கையை அசைத்தால் அசைவு தெரிகிறதென்றால், எங்கோ கசிவு இருக்கிறது.

அறைக்குள்ளேயே இருக்கும் வெளிச்சங்களை மறந்துவிடுவது வழக்கம். வாட்டர் ஹீட்டரின் சிவப்புப் பொட்டு, சுவிட்ச் பலகையின் இண்டிகேட்டர், ஒளிரும் முள் கொண்ட கைக்கடிகாரம், சட்டைப் பையில் அதிரும் கைபேசி ஆகிய எல்லாமே ஃபிலிமைக் கெடுக்கும். குழல் விளக்கு அணைத்த பிறகும் சில நிமிடங்கள் மங்கலாக ஒளிர்ந்துகொண்டிருக்கும் என்பதால், அந்த அறையில் அதற்குப் பதிலாக வேறு விளக்கைப் பயன்படுத்துவது நல்லது.

சிவப்பு விளக்கு போடலாமா என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். எச்பி5 பிளஸ், எஃப்பி4 பிளஸ், டிரை-எக்ஸ் போன்ற பான்குரோமாடிக் ஃபிலிம்கள் சிவப்பையும் பதிவு செய்பவை. அவற்றுக்கு எந்த விளக்கும் கூடாது. சிவப்பு ஒளியை உணராத ஆர்த்தோகுரோமாடிக் ஃபிலிமை மட்டும் அடர்சிவப்பு சேஃப் லைட்டில் கண்ணால் பார்த்துக்கொண்டே டெவலப் செய்யலாம். இதனாலேயே முதல் சில முயற்சிகளுக்கு ஆர்த்தோ ஃபிலிமை வாங்குபவர்கள் உண்டு. கெட்டிக்காரத்தனமான தொடக்கம்தான்.

ட்ரேக்களை வரிசைப்படுத்துதல்

4×5 ஃபிலிமுக்கு 8×10 அங்குல ட்ரே வசதியானது. ஷீட்டைச் சுற்றி விரல் நுழைய இடம் வேண்டும். 5×7 ட்ரேயில் அந்த இடம் மிகவும் நெருக்கடியாக இருக்கும். இடமிருந்து வலமாகத் தண்ணீர், டெவலப்பர், ஸ்டாப் பாத், ஃபிக்ஸர் என நான்கு ட்ரேக்களை ஒன்றையொன்று தொடாமல் வையுங்கள்.

நான் முதன்முறை செய்தபோது நான்கு ட்ரேக்களும் ஒரே அளவு, ஒரே வெள்ளை நிறம். விளக்கை அணைத்த பிறகு, கீழே விழுந்த துணியை எடுக்கத் திரும்பி நிமிர்ந்ததில் எனக்கு வரிசை தவறிப்போயிற்று. ஷீட்கள் முதலில் இறங்கியது ஃபிக்ஸரில். எல்லாம் முடிந்து விளக்கைப் போட்டபோது நான்கு ஷீட்களும் ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லாமல் ஜன்னல் கண்ணாடி போலத் தெளிவாகக் கிடந்தன. அன்றிலிருந்து ஃபிக்ஸர் ட்ரேயை மட்டும் வேறு அளவில் வைத்திருக்கிறேன். டெவலப்பர் ட்ரேயின் முன்விளிம்பில் ஒரு துணிக் கிளிப்பும் மாட்டியிருக்கும். இருட்டில் முதலில் தொடுவது அந்தக் கிளிப்பைத்தான்.

ஃபிக்ஸரில் நனைந்த விரல் டெவலப்பருக்கோ, உலர்ந்த ஃபிலிமுக்கோ திரும்பக் கூடாது. அதற்காகக் கையருகே ஒரு வாளித் தண்ணீரும் உலர்ந்த துண்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கரைசல்கள்

டெவலப்பருக்கு கோடக் டி-76 அல்லது அதற்கு நிகரான இல்ஃபோர்டு ஐடி-11 போதும். டி-76 என்பது 1920களில் திரைப்பட நெகட்டிவுக்காக உருவானது. இன்றும் மற்ற டெவலப்பர்களை ஒப்பிட அதையே அளவுகோலாக வைக்கிறார்கள். லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம் என்பது அதன் சேர்மானம். பொடியை 50 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலான வெந்நீரில் கரைத்து, முழுதாக ஆறிய பிறகே பயன்படுத்த வேண்டும் என்பதால் முந்தைய நாளே கரைத்து வைத்துவிடுங்கள். கழுத்துவரை நிரப்பிய பாட்டிலில் ஆறு மாதம் இருக்கும். பாதி காலியான பாட்டிலில் காற்றுப் பட்டு இரண்டு மாதத்தில் வலுவிழந்துவிடும்.

எவ்வளவு கரைசல் வேண்டும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. 36 படங்கள் கொண்ட ஒரு 35 மி.மீ. ரோலின் பரப்பு சுமார் 80 சதுர அங்குலம். நான்கு 4×5 ஷீட்களின் பரப்பும் 80 சதுர அங்குலம். ஒரே ஒரு 8×10 ஷீட்டும் அதே 80. ஆகவே ஒரு ரோலுக்குச் சொல்லப்படும் குறைந்த அளவு எதுவோ அதுவே நான்கு ஷீட்களுக்கும் பொருந்தும். டி-76இல் அது நீர்க்காத கரைசல் சுமார் 240 மி.லி. ட்ரேயில் அவ்வளவுதான் ஊற்றினால் ஷீட்கள் மூழ்காது. 500 மி.லி. கரைசலுடன் 500 மி.லி. தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டராக ஊற்றினால் 8×10 ட்ரேயில் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் ஆழம் கிடைக்கும். நான்கு ஷீட்கள் புரள அது போதுமானது. இப்படி நீர்த்த கரைசலை ஒருமுறை பயன்படுத்திவிட்டுக் கொட்டிவிட வேண்டும்.

ஸ்டாப் பாத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 15 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்தால் போதும். அசிட்டிக் அமிலம் பயன்படுத்துபவர்கள் எப்போதும் தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஃபிக்ஸருக்கு அம்மோனியம் தயோசல்ஃபேட் கொண்ட ரேப்பிட் ஃபிக்ஸரை 1+4 (ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர்) என்ற அளவில் கலந்துகொள்ளுங்கள்.

ஃபிக்ஸர் உயிரோடு இருக்கிறதா என்பதை விளக்கொளியிலேயே சோதிக்கலாம். பயிற்சிக்கு ஒதுக்கிய ஃபிலிமிலிருந்து ஒரு துண்டு வெட்டி ஃபிக்ஸரில் போட்டு, பால் போன்ற மங்கல் நீங்கித் தெளிவாகும்வரை நேரம் பாருங்கள். அந்த நேரத்தின் இரு மடங்கு, ஃபிக்ஸரில் வைக்க வேண்டிய குறைந்தபட்ச நேரம். புதிய ஃபிக்ஸரில் பிடித்த நேரத்தைப் பாட்டிலின்மேல் எழுதி ஒட்டி வையுங்கள். பிற்பாடு என்றைக்கு அதைப்போல் இரு மடங்கு நேரம் பிடிக்கிறதோ அன்று அந்த ஃபிக்ஸர் தீர்ந்தது. தீர்ந்த ஃபிக்ஸரில் கரைந்த வெள்ளி இருக்கும். நீர்வாழ் உயிர்களுக்கு அது கேடு. அதை மண்ணிலோ கழிவுநீர்க் குழாயிலோ ஊற்றாமல், பெயர் எழுதிய கேனில் சேர்த்து, வெள்ளி மீட்பவர்களிடமோ ரசாயனக் கழிவு வாங்குமிடத்திலோ கொடுத்துவிடுங்கள்.

டி-76இல் இருக்கும் மெட்டால் சிலருக்குத் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். ஒருமுறை வந்துவிட்டால் அடுத்தடுத்த தடவைகளில் மோசமாகும். பழைய கைகள் வெறுங்கையோடுதான் செய்தார்கள் என்று யார் சொன்னாலும், மெல்லிய நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். நகம் எமல்ஷனில் படாது என்பது கூடுதல் நன்மை. சமையலுக்குப் பயன்படும் பாத்திரம் எதுவும் இந்த வேலைக்கு வரக் கூடாது. இங்கே வந்தது திரும்பிச் சமையலறைக்குப் போகவும் கூடாது.

வெப்பநிலையும் நேரமும்

அட்டவணைகள் பெரும்பாலும் 20 டிகிரிக்கு எழுதப்பட்டவை. எச்பி5 பிளஸை ஐடி-11இல் 1+1 நீர்ப்பில் டெவலப் செய்ய 13 நிமிடம், எஃப்பி4 பிளஸுக்கு 11 நிமிடம் என்பது இல்ஃபோர்டு தரும் கணக்கு. டாங்கை அவ்வப்போது கவிழ்த்துக் குலுக்குவதை வைத்துச் சொன்ன நேரம் அது. ட்ரேயில் ஷீட்கள் ஓயாமல் புரண்டுகொண்டே இருக்கும் என்பதால் நேரத்தை 15 சதவீதம்வரை குறைக்க வேண்டும். எச்பி5க்கு 11 நிமிடம் வைத்துத் தொடங்கலாம்.

தண்ணீர் 24 டிகிரியில் இருந்தால் 20 டிகிரிக்கான நேரத்தில் பத்தில் ஏழு பங்கு போதும். எப்படிக் கணக்குப் போட்டாலும் ஐந்து நிமிடத்திற்குக் கீழே போக வேண்டாம். அவ்வளவு குறுகிய நேரத்தில் சீரான டெவலப்மெண்ட் கிடைப்பது அரிது. டெவலப்பர் ட்ரேயை, அதே வெப்பநிலையில் தண்ணீர் நிரப்பிய இன்னொரு பெரிய ட்ரேக்குள் வைத்தால் வேலை முடியும்வரை வெப்பம் அதிகம் மாறாது. மற்ற மூன்று ட்ரேக்களும் டெவலப்பரிலிருந்து இரண்டு மூன்று டிகிரிக்குள் இருந்தால் போதும்.

நேரம் பார்க்க வெளிச்சமில்லாத வழி வேண்டும். நான் கைபேசியில் என் குரலையே பதிவு செய்துவைத்திருக்கிறேன்: முதல் நிமிடம், அரை நிமிடத்திற்கு ஒரு சொல், கடைசியில் ‘எடு’ என்று. அதை ஒலிக்கவிட்டு, கைபேசியைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டால் இருட்டுக்குப் பங்கமில்லை.

நான்கு ஷீட்களைப் பலி கொடுத்தல்

ஒரு பெட்டியில் பெரும்பாலும் 25 ஷீட்கள் வரும். அவற்றில் நான்கை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பழகுவதை வீண் என்று நினைக்க வேண்டாம். இந்த நான்கைத் தராதவர்கள் பிறகு படம் எடுத்த எட்டை இழப்பார்கள்.

முதலில் மூலை வெட்டுகளைப் பாருங்கள். ஒவ்வொரு ஷீட்டின் ஒரு மூலையருகே சிறு வெட்டுகள் இருக்கும். எந்த ஃபிலிம் என்பதை அவற்றின் வடிவம் சொல்லும், எமல்ஷன் எந்தப் பக்கம் என்பதை அவற்றின் இடம் சொல்லும். ஷீட்டை நெட்டுவாக்கில் பிடித்து, வெட்டுகள் மேலே வலது மூலையில், வலக்கைச் சுட்டுவிரலின் கீழ் வருமாறு வைத்தால், எமல்ஷன் உங்களைப் பார்த்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஷீட்டைப் புரட்டிப் புரட்டி இதைக் கண்டுபிடித்துப் பழகுங்கள்.

பிறகு நான்கையும் வெறும் தண்ணீரில் போட்டுப் புரட்டிப் பழகுங்கள். முதலில் கண் திறந்து, பின் கண்ணை மூடி, பின் விளக்கை அணைத்து. அடியில் இருப்பதை உருவி மேலே வைக்கும் அந்த ஓர் அசைவு, யோசிக்காமல் வரும்வரை செய்ய வேண்டும். எனக்கு மூன்று மாலைகள் பிடித்தன.

தண்ணீரில் இறக்குதல்

ஷீட்டைக் கேமராவில் ஏற்ற உதவும் ஃபிலிம் ஹோல்டரின் டார்க் ஸ்லைடில் (ஒளியை மறைக்கும் தகட்டில்) வெள்ளை விளிம்பு வெளியே தெரிந்தால் படம் எடுக்காத ஃபிலிம், கறுப்பு தெரிந்தால் எடுத்து முடித்தது என்பது மரபு. வெள்ளைப் பக்கத்தில் மேடான புள்ளிகள் இருக்கும். இருட்டில் கட்டைவிரலால் தடவியே அறிந்துகொள்ளலாம்.

விளக்கை அணைத்த பிறகு ஹோல்டரிலிருந்து நான்கு ஷீட்களையும் எடுத்து, எல்லாவற்றின் எமல்ஷனும் மேல்நோக்கி இருக்குமாறு அடுக்கி, உலர்ந்த பெட்டியில் வையுங்கள். இனி இடக்கை உலர்ந்த கை, வலக்கை ஈரக் கை. இடக்கை ஒரு ஷீட்டை எடுத்துத் தண்ணீர் ட்ரேயின்மேல் நீட்ட, வலக்கை அதை வாங்கி, ஒரே அழுத்தில் நீருக்குள் அமிழ்த்த வேண்டும். முழுதும் நனைந்த பிறகு, இருபது விநாடி கழித்து அடுத்தது. இந்த இடத்தில் அவசரம் ஆகாது. உலர்ந்த ஷீட் ஒன்றின்மேல் பாதி நனைந்த இன்னொன்று விழுந்தால் இரண்டும் பசை தடவியதுபோல ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிவிட்டால் நகத்தால் நெம்ப வேண்டாம். தண்ணீருக்குள்ளேயே விட்டுவைத்தால் ஜெலட்டின் ஊறித் தானாக வழுக்கிக்கொண்டு பிரியும்.

முதலில் போடும் ஷீட்டை மட்டும், எமல்ஷன் மேலே இருக்கும்படியே, 180 டிகிரி திருப்பிப் போடுங்கள். மற்ற மூன்றின் வெட்டுகள் உங்களுக்கு எதிர்ப்புற வலது மூலையிலும், இதன் வெட்டு உங்களுக்கு அருகிலுள்ள இடது மூலையிலும் இருக்கும். சுற்றுகளை எண்ண இதுவே உங்கள் அடையாளம்.

நான்கும் உள்ளே வந்த பிறகு இரண்டு நிமிடம் மெதுவாகப் புரட்டுங்கள். டாங்கில் கழுவும்போது இந்த முன்நனைப்பை இல்ஃபோர்டு பரிந்துரைப்பதில்லை. ட்ரேயில் அடுக்காகச் செய்யும்போதோ ஷீட்கள் ஒட்டாமலிருக்க இது அவசியம். முடிவில் விளக்கைப் போட்டுப் பார்க்கும்போது இந்தத் தண்ணீர் நீலமாகவோ பச்சையாகவோ நிறம் மாறியிருந்தால் பயப்பட வேண்டாம். ஃபிலிமின் சாயம் கரைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

புரட்டுதல்

வெளியே ஒலிக்கும் குரல் பதிவு முதல் நிமிடத்தைத் தொடங்கியதும், அடியிலிருக்கும் முதல் ஷீட்டை உருவி டெவலப்பரில் அமிழ்த்துங்கள். பத்து விநாடிக்கு ஒன்றாக மற்றவை. ஒவ்வொன்றும் முந்தையதன் மேல் இறங்கும். இப்போது திருப்பிப் போட்ட ஷீட் மறுபடியும் அடியில் இருக்கிறது.

வலக்கை விரல்களை அடுக்கின் ஓரத்தில் கீழே நுழைத்து, அடி ஷீட்டின் விளிம்பை மட்டும் பிடித்து, கிடைமட்டமாக வெளியே உருவி, சற்று உயர்த்தி, அடுக்கின்மேல் தட்டையாக விட்டு, விரல்நுனிச் சதையால் மெல்ல அழுத்துங்கள். மூலை முதலில் இறங்கினால் கீழிருக்கும் ஷீட்டின் எமல்ஷனில் கோடு விழும். பெரும்பாலான கீறல்களின் பிறப்பிடம் அதுவே. ஈரமான எமல்ஷன் உலர்ந்ததைவிடப் பல மடங்கு மென்மையானது. எமல்ஷனைக் கீழ்நோக்கி வைத்துச் செய்பவர்களும் உண்டு. மூலை குத்தினாலும் முதுகில்தானே குத்தும் என்பது அவர்கள் நியாயம். அடி ஷீட் ட்ரேயின் தரையில் உரசுவது எனக்குப் பிடிக்காததால் நான் மேல்நோக்கியே வைக்கிறேன்.

ஏழெட்டு விநாடிக்கு ஒரு ஷீட் என்ற வேகத்தில், அரை நிமிடத்திற்கு ஒரு முழுச் சுற்று. திருப்பிப் போட்ட ஷீட் கைக்கு வரும்போதெல்லாம் புதிய சுற்று தொடங்குகிறது. 11 நிமிடத்தில் 22 சுற்றுகள், 88 உருவல்கள். முதல் ஒரு நிமிடம் மட்டும் இன்னும் சற்று வேகமாகப் புரட்டினால் நல்லது; வானம் போன்ற வெறும் பரப்புகளில் திட்டுத்திட்டாக வராது. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை அடுக்கு முழுவதையும் ஒரே பக்கமாகத் தள்ளாமல், ட்ரேயின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். ட்ரேயை ஒரே திசையில் ஆட்டிக்கொண்டிருந்தால் சுவரில் மோதித் திரும்பும் அலை ஷீட்டின் ஓரங்களை அதிகமாக டெவலப் செய்துவிடும்.

எண்ணிக்கை தவறினால் பதற வேண்டாம். குரல் நேரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. உங்கள் வேலை எந்த ஷீட்டும் அடியில் தேங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான்.

‘எடு’ என்றதும் திருப்பிப் போட்ட ஷீட்டை முதலில் எடுத்து, ஒரு மூலையிலிருந்து ஐந்து விநாடி வடியவிட்டு, ஸ்டாப் பாத்தில் விடுங்கள். பத்து விநாடி இடைவெளியில் மற்றவை அதே வரிசையில் வரட்டும். உள்ளே போன இடைவெளியிலேயே வெளியே வந்தால்தான் நான்குக்கும் ஒரே நேரம் கிடைக்கும். ஸ்டாப் பாத்தில் அரை நிமிடம் புரட்டிவிட்டு ஃபிக்ஸருக்கு மாற்றுங்கள். ஃபிக்ஸரிலும் புரட்ட வேண்டும். அங்கே ஒட்டிக்கொண்டால் மங்கலான திட்டு நிற்கும். மூன்று நிமிடம் ஆன பிறகு, ஃபிலிம் பெட்டியின் மூடி சரியாக மூடியிருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துவிட்டு, விளக்கைப் போடலாம். டி-மேக்ஸ், டெல்டா வகை ஃபிலிம்களுக்கு ஃபிக்ஸரில் கூடுதல் நேரம் தேவைப்படும். இளஞ்சிவப்புச் சாயல் எஞ்சியிருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் ஃபிக்ஸரிலும், பிறகு நன்றாகத் தண்ணீரிலும் வைத்தால் போய்விடும்.

அலசி உலர்த்துதல்

சுத்தமான ட்ரேயில் தண்ணீர் நிரப்பி, ஒரு நிமிடம் புரட்டி, கொட்டி, மறுபடி நிரப்புங்கள். இப்படிப் பத்துத் தடவை. குழாயைத் திறந்துவிட்டு நீர்த்தாரை நேராக ஷீட்டின்மேல் விழவைக்க வேண்டாம்.

கடைசியாக, காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு லிட்டரில் 5 மி.லி. ஃபோட்டோ-ஃப்ளோ (நீர் துளியாக நிற்காமல் வழியச் செய்யும் திரவம்) கலந்து, ஷீட்களை அரை நிமிடம் அதில் வைத்து எடுத்தால் நீர்த்துளித் தடம் விழாது. விரலாலோ ரப்பர் பட்டையாலோ வழிக்காதீர்கள். ஒரு மூலையில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டால் நீர் எதிர் மூலைக்கு வடிந்து சொட்டிவிடும். ஷீட்கள் காற்றில் ஆடி ஒன்றோடொன்று ஒட்டாத தூரத்தில் இருக்கட்டும். மின்விசிறி வேண்டாம், தூசியைக் கொண்டுவந்து ஒட்டிவிடும்.

நெகட்டிவைப் படித்தல்

உலர்ந்த ஷீட்டை ஒளிப்பெட்டியில் வைத்து முதலில் ஓரத்தைப் பாருங்கள். ஹோல்டரின் விளிம்பு மறைத்த பகுதி கிட்டத்தட்டத் தெளிவாக இருக்க வேண்டும். அங்கே சாம்பல் படர்ந்திருந்தால் அறையிலோ பெட்டியிலோ வெளிச்சம் புகுந்திருக்கிறது. பிறை வடிவக் கறை, ஷீட்டை எடுக்கும்போது விரலால் மடங்கியதன் அடையாளம். நேர்விளிம்புள்ள வெளிறிய திட்டு, இரண்டு ஷீட்கள் ஒட்டியிருந்ததைக் காட்டும். வானத்தில் ஊசிமுனை போன்ற தெளிவான புள்ளிகள், படம் எடுத்தபோதே ஃபிலிமின்மேல் இருந்த தூசி; அதற்கு டெவலப் செய்ததைக் குறைசொல்ல முடியாது, ஹோல்டரைத் துடைக்க வேண்டும்.

அடுத்து நிழல்கள். காட்சியில் இருண்டிருந்த இடங்கள் நெகட்டிவில் வெறும் கண்ணாடியாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை. எவ்வளவு நேரம் டெவலப் செய்திருந்தாலும் அங்கே எதுவும் வந்திருக்காது. நிழலில் விவரம் இருந்து, ஆனால் பிரகாசமான இடங்களும் சாம்பலாகச் சப்பென்று இருந்தால் டெவலப்மெண்ட் குறைவு. பிரகாசமான இடங்கள் ஊடுருவ முடியாத கறுப்பாக இருந்தால் அதிகம்.

ரோல் ஃபிலிமில் இதைத் தெரிந்துகொண்டு பயனில்லை. எல்லாப் படங்களும் ஒரே தொட்டியில் முடிந்துபோயிருக்கும். ஷீட் ஃபிலிமில் ஹோல்டரின் இரண்டு பக்கத்திலும் ஒரே காட்சியை, ஒரே எக்ஸ்போஷரில் (ஃபிலிமில் விழும் ஒளியின் அளவில்) எடுத்துவைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கத்து ஷீட்டை மட்டும் முதலில் கழுவி, உலர்த்தி, மேலே சொன்னபடி படித்துப் பாருங்கள். பிரகாசமான இடங்கள் மிகையாகக் கறுத்திருந்தால் அடுத்ததற்கு நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறையுங்கள். சப்பென்று இருந்தால் நான்கில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். புகைப்படக் கலைஞர்கள் ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940ஐ ஒட்டி வகுத்த ஸோன் முறையும் இந்த அடிப்படையில்தான் நிற்கிறது: நிழலை எக்ஸ்போஷரால் பிடிப்பது, பிரகாசத்தை டெவலப் செய்யும் நேரத்தால் அடக்குவது.

முதல் ஷீட்டின் உறைமேல் ஃபிலிமின் பெயர், நீர்ப்பு, வெப்பநிலை, நிமிடம் ஆகிய நான்கையும் பென்சிலால் எழுதிவிட்டு, இரண்டாவது ஷீட்டுக்கான நேரத்தை அதன் கீழேயே குறித்து, குரல் பதிவை அதற்கேற்றபடி புதிதாகப் பேசிவைத்துக்கொண்டு விளக்கை அணையுங்கள்.